நியூயார்க் பள்ளி பட்ஜெட் வாக்கெடுப்பு: தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நியூயார்க் மாநிலத்தில் ஏறத்தாழ 700 பள்ளி மாவட்டங்கள் (ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை ஆண்டுதோறும் மே மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, அடுத்த கல்வியாண்டுக்கான பட்ஜெட்டை ஊர் மக்கள் முன் வைத்து வாக்குக் கேட்கின்றன. மத்திய அரசோ மாநில அரசோ தன் வரவு செலவுக்கு இப்படி நம்மிடம் நேராகச் சம்மதம் கேட்பதில்லை. லாங் ஐலண்டிலும் வெஸ்ட்செஸ்டரிலும் ஆல்பனி பக்கத்திலும் வீடு வாங்கியிருக்கும் நம் குடும்பங்கள் கட்டுகிற சொத்து வரியில் பெரும்பங்கு பள்ளிக்குத்தான் போகிறது. பள்ளி நன்றாக இருக்கிறது என்று விசாரித்துத்தான் அந்த ஊருக்கே குடிபோகிறோம். ஆனால் அந்தப் பள்ளியின் பணக்கணக்கு பேசப்படும் கூட்டங்களில் நம்மவர்களைப் பார்ப்பது அபூர்வம். இது மாற வேண்டும் என்பதற்காகவே, பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

மே மாத வாக்குச்சீட்டில் என்னென்ன இருக்கும்?

முதலில் பட்ஜெட். மொத்தத் தொகை ஒன்றைச் சொல்லி, அதற்கு ஆம் அல்லது இல்லை கேட்பார்கள். அடுத்து, ஸ்கூல் போர்டு உறுப்பினர் தேர்தல். இவை தவிர, பேருந்து வாங்குவது, கட்டட வேலைக்குச் சேமநிதி தொடங்குவது, ஊர் நூலகத்துக்கான வரி போன்றவை தனித்தனித் தீர்மானங்களாக வரும். கட்டடத்துக்காகக் கடன் பத்திரம் வெளியிடும் தீர்மானம் மே மாதத்தில்தான் வர வேண்டும் என்றில்லை. வேறு மாதத்தில் தனி வாக்கெடுப்பாகவும் வைக்கலாம். அப்போது வருகிற கூட்டம் இன்னும் குறைவாக இருக்கும். பல ஆண்டுகளுக்குக் கட்ட வேண்டிய கடன் அது என்பதால், அந்தத் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.

நாங்கள் குவீன்ஸில் இருக்கிறோம். எங்களுக்கும் இந்த வாக்கு உண்டா?

இல்லை. நியூயார்க் நகரம், பஃபலோ, ராச்செஸ்டர், சிரக்யூஸ், யாங்கர்ஸ் ஆகிய ஐந்து பெருநகரங்களின் பள்ளிகளுக்குத் தனியாக வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. நகராட்சியின் பட்ஜெட்டிலிருந்து அவற்றுக்குப் பணம் வருகிறது. அதனால் பள்ளி பட்ஜெட்டுக்குப் பொது வாக்கெடுப்பு இல்லை. நகரப் பள்ளிகளின் பணத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் நகர மன்றத்தின் பட்ஜெட் விசாரணைகளுக்கும், உங்கள் பகுதியின் சமூகக் கல்விக் குழுக் கூட்டங்களுக்கும் போக வேண்டும். இந்தப் பக்கத்தில் இனி வருபவை மற்ற மாவட்டங்களுக்கு உரியவை.

வாடகை வீட்டில் இருப்பவர்களும், பிள்ளை இல்லாதவர்களும் வாக்களிக்க முடியுமா?

முடியும். 18 வயது நிரம்பிய அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். அந்தப் பள்ளி மாவட்டத்துக்குள் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். வீடு சொந்தமா வாடகையா என்ற கேள்வியே இல்லை.

ஒரு காலத்தில் வேறு நிபந்தனைகள் இருந்தன. பல பள்ளி மாவட்டங்களில், சொத்து வைத்திருப்பவர் அல்லது வாடகைக்கு எடுத்திருப்பவர், அவரது கணவன் மனைவி, பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் ஆகியோருக்குத்தான் வாக்கு என்று மாநிலச் சட்டம் சொன்னது. லாங் ஐலண்டின் நாசா கவுண்ட்டியில் பெற்றோர் வீட்டில் வசித்த திருமணமாகாத ஒரு பங்குத் தரகர், மாரிஸ் கிரேமர், இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1969-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. பள்ளி எப்படி நடக்கிறது என்பதில் ஊரில் வாழும் எல்லோருக்கும் அக்கறை இருக்கலாம் என்பது அவருடைய வாதம். இன்று பெற்றோர் வீட்டில் வசிக்கும், பிள்ளை இல்லாத ஒரு இளைஞர் மே மாதம் வரிசையில் நிற்க முடிகிறதென்றால் அந்த வழக்குக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

கிரீன் கார்டு அல்லது எச்-1பி-யில் இருக்கிறோம். வரி கட்டுகிறோமே, வாக்களித்தால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குடிமகன் அல்லாதவர் சட்டத்துக்குப் புறம்பாக எந்த வாக்கெடுப்பில் வாக்களித்தாலும், அது உள்ளூர்ப் பள்ளி வாக்கெடுப்பாகவே இருந்தாலும், நாடு கடத்தும் நடவடிக்கை வரை போகலாம். பிறகு குடியுரிமை விண்ணப்பமும் சிக்கும். சில மாவட்டங்களில் முன்பதிவுப் பட்டியல் கிடையாது. முகவரிச் சான்று காட்டி, தகுதி உண்டு என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் சீட்டைக் கொடுத்துவிடுவார்கள். மேசையில் இருப்பவர் தடுக்கவில்லை என்பதால் உங்களுக்குத் தகுதி வந்துவிடாது.

வாக்குச்சீட்டு ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் உங்களுக்கும் உண்டு. கூட்டத்துக்குப் போகலாம், பேசலாம், மின்னஞ்சல் எழுதலாம், ஆவணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். பட்ஜெட் ஆலோசனைக் குழு வைத்திருக்கும் மாவட்டங்களில் அதில் சேர முடியுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். வாக்கு இல்லாதவருக்கு இவைதான் முழு பலம். அதனால், குடியுரிமை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒதுங்கியிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதற்குள் பிள்ளை படித்து முடித்துவிடும்.

வரி 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று சட்டம் இருக்கிறதே? எங்கள் மாவட்டம் அதற்கு மேல் ஏற்றிவிட்டு, வரம்புக்குள்தான் இருக்கிறோம் என்கிறதே?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். 2011-ல் இயற்றி 2012-13 கல்வியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்த வரி வரம்புச் சட்டம், 2019-ல் நிரந்தரமாக்கப்பட்டது. 2 சதவீதம் அல்லது பணவீக்கம், இரண்டில் எது குறைவோ அது அடிப்படை. அதன் மேல் ஒரு சூத்திரம் ஓடுகிறது. ஊரில் புதுக் கட்டடங்கள் வந்து வரி கட்டும் சொத்து பெருகியிருந்தால் அதற்கு இடம் தருவார்கள். கட்டட வேலைகளுக்கும் அவற்றின் கடன் தவணைக்கும் உள்ளூரிலிருந்து கட்டும் பங்கு வரம்பில் சேராது. ஓய்வூதியப் பங்களிப்பு விகிதம் ஒரே ஆண்டில் 2 சதவீதப் புள்ளிக்கு மேல் எகிறினால், அந்த உபரியும் சேராது. போன ஆண்டு வரம்பில் பயன்படுத்தாத இடத்தை, அந்த வரம்பின் 1.5 சதவீதம் வரை, இந்த ஆண்டுக்குக் கொண்டுவரலாம். இவ்வளவும் கூட்டிக் கழித்து வரும் எண் ஒரு மாவட்டத்துக்கு 1.4 ஆகவும் பக்கத்து மாவட்டத்துக்கு 3.8 ஆகவும் இருக்க முடியும்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு மாவட்டமும் மார்ச் 1-க்குள் மாநிலக் கணக்காயரிடம் (ஸ்டேட் கம்ப்ட்ரோலர்) தாக்கல் செய்ய வேண்டும். கூட்டத்தில் அந்தத் தாளைக் கேளுங்கள். வரம்புக்குள் என்று ஒற்றை வரியில் முடித்தால், எந்த விலக்கின் கீழ் எத்தனை டாலர் என்று கேட்கலாம். பதில் அந்தத் தாளிலேயே இருக்கிறது.

வரம்பை மீற நினைத்தால், வாக்களித்தவர்களில் 60 சதவீதம் பேர் ஆம் சொல்ல வேண்டும். நகராட்சிகளும் கவுண்ட்டிகளும் தங்கள் மன்றத்தில் 60 சதவீத உறுப்பினர்கள் கையைத் தூக்கினாலே வரம்பை மீறிவிடலாம். பள்ளிகள் மட்டும்தான் மக்களிடம் வர வேண்டியிருக்கிறது.

வரம்புக்குள் இருந்தும் என் பில் மட்டும் ஏன் இவ்வளவு ஏறியது?

வரம்பு உங்கள் பில்லுக்குப் போடப்பட்டதில்லை. மாவட்டம் முழுவதும் சேர்த்து வசூலிக்கும் மொத்தத் தொகைக்குப் போடப்பட்டது. அதைத்தான் லெவி என்கிறார்கள். உதாரணமாக லெவி 6 கோடி டாலர், உயர்வு 2 சதவீதம் என்றால் கூடுதலாக வருவது 12 லட்சம் டாலர். அதை யார் எவ்வளவு சுமப்பது என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் அரசு போட்டிருக்கும் மதிப்பைப் பொறுத்தது. மறுமதிப்பீட்டில் உங்கள் வீட்டு மதிப்பு தெருவில் மற்றவர்களுடையதைவிட அதிகம் ஏறியிருந்தால், லெவி ஒரு காசு ஏறாவிட்டாலும் உங்கள் பில் ஏறும். அதற்கான குறைதீர்ப்பு விண்ணப்பம் தனி. ஸ்கூல் போர்டிடம் அதற்கு விடை இல்லை.

பட்ஜெட் தோற்றால் பள்ளியை மூடிவிடுவார்களா?

மாட்டார்கள். போர்டு அதே பட்ஜெட்டையோ திருத்தியதையோ ஜூன் மூன்றாவது செவ்வாய் மறுபடி வாக்குக்கு விடலாம். அதிலும் தோற்றால், அல்லது மறுவாக்கே வேண்டாம் என்று போர்டு முடிவெடுத்தால், கன்டிஞ்சன்சி என்ற கட்டுப்பாட்டு பட்ஜெட் வரும். அதில் லெவி போன ஆண்டின் தொகையைத் தாண்டக் கூடாது. அவசியமில்லாத கருவிகள் வாங்க முடியாது. வெளி அமைப்புகளுக்குப் பள்ளிக் கட்டடத்தை இலவசமாகத் தர முடியாது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடத்துபவர்கள் இந்த ஒரு வரியைக் கவனிக்க வேண்டும்.

வரம்புச் சட்டம் வந்த பிறகு, பெரும்பாலான ஆண்டுகளில் 100 பட்ஜெட்டுக்கு 95-க்கும் மேல் முதல் முறையிலேயே தேறிவிடுகின்றன. வரம்பை மீறக் கேட்பவைதான் அதிகம் தோற்கின்றன.

அப்படியென்றால் முடிவு தெரிந்த தேர்தல்தானே? எப்போது போய்ப் பேசினால் பயன்?

ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

ஜனவரியில் ஆளுநர் தன் பட்ஜெட் திட்டத்தை வெளியிடுகிறார். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எவ்வளவு மாநில உதவி என்று அதில் முதல் மதிப்பீடு வரும். அதை வைத்துக்கொண்டு மாவட்டப் பள்ளிகளின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டன்ட் வரைவு தயாரிப்பார். பிப்ரவரி, மார்ச்சில் பட்ஜெட் பயிலரங்கு என்ற பெயரில் பகுதி பகுதியாகப் பேசுவார்கள்: ஒரு மாலை போக்குவரத்து, ஒரு மாலை சிறப்புக் கல்வி, ஒரு மாலை விளையாட்டு. எட்டாம் வகுப்பில் ஒரு பிரிவைக் குறைப்பதா, ஆர்க்கெஸ்ட்ரா ஆசிரியரை முழுநேரத்திலிருந்து பாதிநேரமாக்குவதா என்பதெல்லாம் இங்கேதான் அடிபடுகிறது. ஏப்ரலில் போர்டு பட்ஜெட்டை ஏற்றுக்கொண்டதும் தொகை உறைந்துவிடும். வாக்கெடுப்புக்கு 7 முதல் 14 நாள் முன்பு பொது விசாரணை ஒன்று சட்டப்படி நடக்கும். மக்கள் பேசலாம், ஆனால் அன்றைக்கு எண்கள் மாறப்போவதில்லை. விசாரணைக்குப் பிறகு, வாக்கெடுப்புக்குக் குறைந்தது 6 நாள் முன்பாக, வாக்காளர்களுக்கு ஓர் அறிவிப்பு தபாலில் வரும். அந்தத் தபால் கைக்கு வந்த பிறகுதான் நம் குழுக்களில் பேச்சே தொடங்குகிறது. மூன்று மாதம் பிந்திவிட்டது.

மார்ச் மாத வேலைநாள் மாலையில் நடக்கும் பயிலரங்குக்குப் பத்துப் பெற்றோர் போனாலே போர்டு உறுப்பினர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்கள் வழக்கமாகக் காலி நாற்காலிகளோடு பேசிப் பழகியவர்கள்.

இன்னொன்று. மாநில பட்ஜெட் ஏப்ரல் 1-க்குள் நிறைவேற வேண்டும், ஆனால் பல ஆண்டுகளில் தாமதமாகிறது. 2025-ல் மே 8 அன்றுதான் நிறைவேறியது. அதற்குள் மாவட்டங்கள் தங்கள் பட்ஜெட்டை ஊகத்தில் முடித்திருந்தன. ஆகவே மார்ச்சிலேயே கேட்க வேண்டிய கேள்வி: நீங்கள் நினைத்ததைவிட மாநில உதவி கூடுதலாக வந்தால் அந்தப் பணத்தை எங்கே சேர்ப்பீர்கள், குறைந்தால் முதலில் எதை வெட்டுவீர்கள்? போர்டு இதற்குப் பொதுக்கூட்டத்தில் வாய்திறந்து பதில் சொன்னால், அது கூட்டக் குறிப்பிலோ காணொளியிலோ பதிவாகும்.

கூட்டத்தில் பேச நமக்குச் சட்டப்படி உரிமை உண்டா?

வழக்கமான போர்டு கூட்டத்தில், இல்லை. மாநிலத்தின் திறந்த கூட்டங்கள் சட்டம், வந்து உட்கார்ந்து பார்க்கவும் கேட்கவும் உரிமை தருகிறது. பேசும் உரிமை தரவில்லை. போர்டுகள் தங்கள் விதிகளின்படி நேரம் ஒதுக்குகின்றன. பெரும்பாலும் ஒருவருக்கு மூன்று நிமிடம். சில இடங்களில் முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டும், சில இடங்களில் அன்றைய நிகழ்ச்சிநிரலில் உள்ளதை மட்டுமே பேசலாம். மாவட்ட கிளார்க்குக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் விதியை அனுப்பிவிடுவார்.

மூன்று நிமிடத்தில் நான்கு விஷயம் பேசப் போகாதீர்கள். ஒரு எண், ஒரு கேள்வி. நான்கு குடும்பங்கள் ஒரே குறையை ஒரே மாதிரி சொல்வதைவிட, ஒருவர் போக்குவரத்துச் செலவையும் இன்னொருவர் வகுப்பு அளவையும் எடுத்துக்கொண்டு பிரித்துப் பேசினால் பதில் கிடைக்கும். ஆங்கிலம் சரளமாக வராதவர் எழுதி வைத்துப் படிக்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். கூட்டத்தில் பேசப்படும் ஆவணங்களை இயன்றவரை 24 மணி நேரத்துக்கு முன்பே மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. முந்தின நாள் இரவு அரை மணி நேரம் அதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நூறு பக்க பட்ஜெட் புத்தகத்தில் எதைப் பார்ப்பது?

சட்டம் அதை எளிய நடையில் எழுதச் சொல்கிறது. நிர்வாகம், கல்வித் திட்டம், மூலதனம் என மூன்று பகுதிகளாகப் பிரித்துக் காட்டவும் சொல்கிறது. சூப்பரின்டென்டன்ட்டின் சம்பளமும் சலுகைகளும் இணைப்பில் இருக்க வேண்டும்.

படித்துப் பழகக் குறியீடுகள் உதவும். மாநிலம் முழுவதும் ஒரே கணக்குக் குறியீடுதான். ஏ 1010 என்றால் போர்டின் செலவு. ஏ 2110 வழக்கமான வகுப்பறைக் கற்பித்தல். புத்தகத்தின் மிகப் பெரிய வரி பெரும்பாலும் இதுதான். ஏ 2250 சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கானது. ஏ 2855 விளையாட்டு அணிகள். ஏ 5510 மாவட்டத்தின் சொந்தப் பேருந்துகள். ஏ 9060 ஊழியர் மருத்துவக் காப்பீடு. எந்த மாவட்டத்துப் புத்தகத்தை எடுத்தாலும் இந்த எண்கள் மாறாது என்பதால், பக்கத்து ஊரோடு ஒப்பிடுவது எளிது.

ஒவ்வொரு வரியிலும் வழக்கமாக மூன்று தொகைகள் இருக்கும்: போன ஆண்டு உண்மையில் செலவானது, இந்த ஆண்டுக்கு ஒதுக்கியது, அடுத்த ஆண்டுக்குக் கேட்பது. பெரும்பாலோர் கடைசி இரண்டையும் ஒப்பிட்டு எவ்வளவு ஏறியது என்று பார்க்கிறார்கள். நான் முதலாவதைப் பார்க்கச் சொல்வேன். மருத்துவக் காப்பீட்டுக்கு ஆண்டுதோறும் 90 லட்சம் ஒதுக்கி 80 லட்சம்தான் செலவாகிறது என்றால், அந்த வரியில் ஒவ்வோர் ஆண்டும் பத்து லட்சம் ஒதுங்குகிறது என்று பொருள். அது எங்கே போகிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

மாவட்டத்துக்குள் எந்தப் பள்ளிக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? 2015-ன் மத்தியக் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மாணவருக்கு ஆகும் செலவை மாநிலம் வெளியிட வேண்டும். மாநிலக் கல்வித் துறையின் தரவுத் தளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டால் கிடைக்கும்.

மிச்சமாகும் பணம் எங்கே போகிறது?

ஒரு பகுதி, குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று ஒதுக்கிய சேமநிதிகளுக்கு: ஓய்வூதியம், தொழிலாளர் இழப்பீடு, கட்டடம். எந்த நோக்கமும் குறிக்காத மிச்சம், அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பத்துக் கோடி டாலர் பட்ஜெட்டுக்கு 40 லட்சம். அதற்கு மேல் இருந்தால் வரியைக் குறைக்கப் பயன்பட வேண்டும்.

செலவைக் கூட்டி மதிப்பிட்டு, ஆண்டு முடிவில் மிஞ்சுவதைச் சேமநிதியில் போட்டு வைக்கும் பழக்கத்தை மாநிலக் கணக்காயரின் தணிக்கைகள் பல மாவட்டங்களில் திரும்பத் திரும்பக் கண்டித்திருக்கின்றன. சேமிப்பு தப்பில்லை, மாநில உதவி திடீரெனக் குறையும் ஆண்டில் அதுதான் ஆசிரியர் வேலையைக் காப்பாற்றும். ஆனால் எதற்காக, எவ்வளவு வரை சேர்க்கப் போகிறோம் என்று எழுத்தில் திட்டம் இருக்க வேண்டும். வாக்கெடுப்புக்கு முன் மாவட்டம் மாநிலத்துக்கு அனுப்பும் சொத்து வரி அறிக்கை அட்டையில் இந்த இருப்புத் தொகைகள் இரண்டு மூன்று வரிகளில் இருக்கும். புத்தகம் முழுதும் படிக்க முடியாதவர்கள் இந்த ஒரு தாளையாவது பார்த்துவிடுங்கள்.

நல்ல பள்ளி, படித்த போர்டு. அவர்களை நம்பி விட்டுவிடக் கூடாதா?

ரோஸ்லினில் அப்படித்தான் நம்பினார்கள். லாங் ஐலண்டின் வசதியான மாவட்டம். பெரிய பல்கலைக்கழகங்களுக்கு மாணவர்களை அனுப்பும் பள்ளி. சூப்பரின்டென்டன்ட் ஃபிராங்க் டசோனை ஊரே கொண்டாடியது. 2002-ல் நிதிப் பொறுப்பில் இருந்த துணை சூப்பரின்டென்டன்ட் பமீலா குளக்கின் பள்ளிப் பணத்தைக் கையாடியது போர்டுக்குத் தெரிந்தது. சுமார் 2.5 லட்சம் டாலரைத் திருப்பிக் கட்ட வைத்து, போலீசுக்குச் சொல்லாமல், மக்களுக்கும் சொல்லாமல், அவரை அமைதியாக அனுப்பிவிட்டார்கள். பள்ளியின் பெயர் கெடக் கூடாதாம். 2004 தொடக்கத்தில் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அந்தப் பள்ளியின் மாணவர் பத்திரிகையே அதைச் செய்தியாக்கியது. 2005 மார்ச்சில் மாநிலக் கணக்காயரின் தணிக்கை சொன்ன தொகை 1.12 கோடி டாலர். அதில் பெரும்பங்கு இந்த இருவருடையது. இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்கள்.

இதில் என்னை உறுத்துவது தொகையைவிட அந்த இரண்டு ஆண்டு மௌனம்தான். 2002-ல் ஒரு திறந்த கூட்டத்தில் யாராவது ஒருவர், நிதி அதிகாரி ஏன் திடீரென்று போனார் என்று விடாமல் கேட்டிருந்தால் போர்டு எதையாவது சொல்ல வேண்டி வந்திருக்கும்.

2005-ல் சட்டம் இறுகியது. புதிய போர்டு உறுப்பினருக்கு நிதி மேற்பார்வையில் 6 மணி நேரப் பயிற்சி கட்டாயமானது. மிகச் சிறிய மாவட்டங்கள் தவிர மற்றவற்றுக்கு உள்தணிக்கையும் தணிக்கைக் குழுவும் வந்தன. வெளித் தணிக்கையாளரை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது போட்டி முறையில் தேர்வு செய்ய வேண்டும் என்றானது. உங்கள் மாவட்டத்தின் தணிக்கைக் குழுவில் யார் இருக்கிறார்கள், கடைசி அறிக்கையில் சுட்டிய குறைகளுக்கு என்ன திருத்தத் திட்டம் போட்டார்கள் என்று கேளுங்கள். நம்மவர்களில் கணக்குத் தணிக்கையே தொழிலாக இருப்பவர்கள் எத்தனை பேர்! வெளியாட்களைச் சேர்த்துக்கொள்ளும் தணிக்கைக் குழுக்களுக்கு அவர்கள் விண்ணப்பிக்க வேண்டும்.

போர்டு கதவைச் சாத்திக்கொண்டு பட்ஜெட் பேசலாமா?

மூடிய அமர்வுக்குச் சட்டம் சில காரணங்களை மட்டுமே அனுமதிக்கிறது: குறிப்பிட்ட ஒருவரின் வேலை விவகாரம், தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை, வழக்கு போன்றவை. பொதுவான பட்ஜெட் விவாதம் அதில் வராது. பொதுப் பணத்தை ஒதுக்கும் எந்த வாக்கையும் மூடிய அமர்வில் எடுக்கவே கூடாது. "பணியாளர் விஷயம்" என்று மட்டும் சொல்லி எழுந்து போனால், எந்த வகையான விஷயம் என்று தீர்மானத்தில் சொல்லும்படி கேட்கலாம்.

கேட்ட ஆவணத்தைத் தரவில்லை என்றால்?

எழுத்தில் விண்ணப்பியுங்கள். அரசு ஆவணங்களைக் கேட்டுப் பெற உரிமை தரும் மாநிலச் சட்டத்தை இங்கே ஃபாயில் என்று சுருக்கிச் சொல்வார்கள். இந்தியாவில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டவர்களுக்கு நடைமுறை பழக்கமாகவே தோன்றும். ஒரு வேறுபாடு: இந்தியச் சட்டம் குடிமக்களுக்கானது, இங்கே யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மாவட்டத்தின் ஆவண அதிகாரிக்கு மின்னஞ்சல் போதும். 5 வேலை நாளுக்குள் தர வேண்டும், அல்லது மறுக்க வேண்டும், அல்லது பெற்றுக்கொண்டதாகச் சொல்லி எப்போது தருவோம் என்று தேதி குறிக்க வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு; அதற்கு 10 வேலை நாளில் பதில் வர வேண்டும். நகல் எடுத்துத் தந்தால் பக்கத்துக்கு 25 சென்ட் வரை வாங்கலாம்.

"எல்லாச் செலவு விவரமும்" என்று கேட்டால் இழுத்தடிக்க இடம் கொடுத்தது ஆகும். "2024-25 கல்வியாண்டில் ஏ 5510 கணக்கில் செலுத்தப்பட்ட தொகைகளின் பட்டியல்" என்று கேளுங்கள்.

பள்ளியே "ஆம் போடுங்கள்" என்று பிரச்சாரம் செய்யலாமா?

பொதுப் பணத்தில் கூடாது. பட்ஜெட்டில் என்ன இருக்கிறது, தோற்றால் என்ன ஆகும் என்ற தகவலை மாவட்டம் தரலாம். இப்படி வாக்களியுங்கள் என்று வரிப் பணத்தில் வற்புறுத்தக் கூடாது என்று மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1986-ல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆசிரியர் சங்கமும் பெற்றோர் சங்கமும் சொந்தப் பணத்தில் பிரச்சாரம் செய்யலாம். அந்தத் துண்டறிக்கையைப் பிள்ளைகளின் பையில் போட்டு அனுப்பக் கூடாது.

குடியுரிமை பெற்ற என் அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. என்ன செய்வது?

துணைக்கு நீங்களே போகலாம். வாசிக்க முடியாத வாக்காளர் தாம் நம்பும் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ள மத்திய வாக்குரிமைச் சட்டம் இடம் தருகிறது. அவருடைய முதலாளியும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. நீங்கள் வாசித்துச் சொல்லலாம், அவர் சொன்னபடி குறிக்க உதவலாம்; முடிவு அவருடையது. நேரில் போக முடியாதவர்களுக்குத் தபால் வாக்கு உண்டு. விண்ணப்பம் மாவட்ட கிளார்க்கிடம் கிடைக்கும். தபாலில் சீட்டு வர வேண்டுமானால் வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பே விண்ணப்பம் அவர் கையில் இருக்க வேண்டும்.

வாக்கெடுப்பு முறையாக நடக்கவில்லை என்று தோன்றினால் யாரிடம் போவது?

வாக்கெடுப்பின் முறைகேடும் போர்டின் சட்டமீறலும் மாநிலக் கல்வி ஆணையரிடம் மேல்முறையீடாகப் போகும். பாதிக்கப்பட்டவர் வழக்கறிஞர் இல்லாமலே தாக்கல் செய்யலாம், ஆனால் 30 நாள் கெடுவைத் தாண்டினால் பெரும்பாலும் விசாரிக்காமலே தள்ளிவிடுவார்கள். ஆகவே முதலில் தேதியைக் குறித்து வையுங்கள். கூட்டத்தையோ ஆவணத்தையோ மறைக்கிறார்கள் என்றால், ஆல்பனியில் உள்ள திறந்த அரசுக் குழுவிடம் கருத்துக் கேட்கலாம். அவர்கள் கருத்து போர்டைக் கட்டுப்படுத்தாது என்றாலும், அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகு பல போர்டுகள் இறங்கிவருகின்றன. பணமே காணாமல் போயிருக்கிறது என்ற சந்தேகம் வந்தால் மாநிலக் கணக்காயர் அலுவலகம். அங்கே பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம்.